கோட்டக்கா போட்ட கோடு

கணக்குப் புத்தகம் அடிக்கிற அந்த அச்சகத்தில் பிழை திருத்துபவளுக்குக் கோட்டக்கா என்று பெயர் வந்ததே ஒரு சின்னக் குறியால்தான். மூன்று பல் உள்ள சீப்புத் துண்டு மாதிரி ∈ என்று இருக்கும். இன்னது இன்ன கணத்தில், அதாவது கூட்டத்தில், இருக்கிறது என்று அதற்கு அர்த்தம். குறுக்கே ஒரு கோடு விழுந்து ∉ என்று ஆனால், இல்லை என்று அர்த்தம். அரை என்பது முழு எண்களில் இல்லை என்று சொல்லும் இடத்தில் கோடு விட்டுப்போனால், படிக்கிற பிள்ளைகள் எல்லாம் அரையை முழுசென்று எழுதித் தொலைக்கும். இருபது வருஷத்தில் அப்படி ஒரு கோட்டைக்கூட அவள் கோட்டை விட்டதில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் மிதப்பும் உண்டு.

ஒரு மாதமாக அந்த மிதப்பு போன இடம் தெரியவில்லை. ஆள் குறைக்கப்போகிறார்கள் என்று பேச்சு. கணவர் கால் விளங்காமல் வீட்டோடு கிடக்கிறார். அடுப்பு எரிவது இவள் சம்பளத்தில்தான்.

வியாழக்கிழமை காலை, திருத்திய தாள்களை வைக்க முதலாளி அறைக்குப் போனாள். அவர் முன்பு கணக்கு வாத்தியார். எதை எழுதினாலும் கணமாகத்தான் எழுதுவார். மேசையில் ஒரு சீட்டு கிடந்தது.

பைண்டர் ∉ வெ
கோட்டக்கா ∈ வெ

வெ என்றால் வெளியே. வேறென்ன? உள்ளே முதலாளி கை கழுவும் சத்தம் கேட்டது. கையிலிருந்த பேனாவால் தன் பெயருக்குப் பக்கத்துக் குறியில் சரக்கென்று ஒரு கோடு இழுத்துவிட்டு ஓடிவந்துவிட்டாள்.

நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் பேனாவைப் பார்த்தாள். சிவப்பு மை. அங்கே சிவப்பு மையில் எழுதுகிறவள் அவள் ஒருத்திதான். அதற்கப்புறம் கதவு கிறீச்சிட்டாலே உயிர் போய் உயிர் வந்தது. ஒரே பக்கத்தை நாலு தடவை படித்தாள், ஒன்றும் ஏறவில்லை.

சாயங்காலம், புத்தகம் தைத்து அட்டை போடுகிற பைண்டர் வந்து நின்றார்.

"எனக்கு இந்த மாசத்தோட சரிக்கா. அச்சகத்தையே மூடுறாராம். நீங்க தப்பிச்சீங்க."

"நானா?"

"ஐயாவும் கூட்டாளியும் சேந்து புதுசா வெளியீட்டுப் பிரிவு ஆரம்பிக்கிறாங்கல்ல? அதுக்கு உங்க பேரைத்தான் மொதல்ல எழுதினேன்னு காலையிலயே ஐயா சொன்னாரே!"

வெளியீடு. கோட்டக்கா செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினாள். முதலாளி அறையைப் பூட்டிக்கொண்டிருந்தார்.

"ஐயா, அந்தச் சீட்டு..."

"மத்தியானமே கூட்டாளிக்கு அனுப்பிட்டேம்மா. உனக்கு வர இஷ்டமில்லன்னு தெரிஞ்சதும் சங்கடமாத்தான் இருந்துச்சு. வேற ஆளைப் போட்டாச்சு."

"அய்யோ, அது தப்பா போட்ட கோடுங்கய்யா!"

அவர் வேடிக்கையென்று நினைத்துச் சிரித்தார்.

"நீயா? இருபது வருஷத்துல ஒரு கோடு தப்பா போட்டிருக்கியா? அதனாலதான், உன்னை ஒரு வார்த்தைகூடக் கேக்காம அனுப்பிட்டேன்."