பச்சைமலை ஏரியின் ஆழம்

"கரி பஸ்"ஸின் புகை வாசனை மூக்கில் ஏறிய பிறகுதான் பஸ் கண்ணில் படும். யுத்த காலத்தில் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்ததால், பின்புறம் ஓர் இரும்புப் பீப்பாயைக் கட்டி, அதில் மரக்கரியை எரித்துத்தான் பஸ் ஓட்டினார்கள். பெரம்பலூரில் கிளீனர் கரி கனன்று எரிய அதன் விசிறியைச் சுற்றோ சுற்றென்று சுற்றுவதை வேடிக்கை பார்த்தபடியே கோடை விடுமுறைக்குப் பச்சைமலைக்குப் போவேன். வரதராஜன்பேட்டையில் அம்மா பள்ளி ஆசிரியை. அப்பாவுக்கு மலைமேல் மரத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரியாக்கும் இடத்தில் மேஸ்திரி வேலை.

மூட்டத்துக்குப் பக்கத்தில், கிண்ணம்போன்ற பள்ளத்தில் ஓர் ஏரி இருந்தது. அணைந்துபோன எரிமலையின் வாயில் தண்ணீர் தேங்கி ஏரியாகும் என்று அம்மாவின் பூகோளப் புத்தகத்தில் படித்திருந்த பத்து வயதுப் பெண்ணான எனக்கு, இதுவும் எரிமலைதான் என்பதில் சந்தேகமே இல்லை. விறகு அடுக்க வரும் மலைக்காரப் பெண் வெள்ளையம்மாவும், "அதுக்கு அடியே கெடையாது பாப்பா" என்று சொல்லிவிட்டாள். நச்சரித்து நச்சரித்து அப்பாவை மூங்கில் தெப்பத்தில் ஏற்றி, கயிற்றில் கல்லைக் கட்டி நடு ஏரியில் இறக்கினேன். கல் தரையைத் தட்டியது. அப்பா ஈரக் கயிற்றை அளந்து பார்த்து, "அஞ்சாள் மட்டம் இருக்கு. உன் நெருப்பத்தான் காணோம்" என்று சிரித்தார். அது எரிமலையே அல்ல என்று கல்லூரியில் படித்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

அடுத்த கோடையில் போனபோது ஏரியைச் சுற்றியிருந்த சரிவு மொட்டையாகிக் கிடந்தது. தண்ணீர் செங்காவி நிறம். மறுபடி அப்பாவோடு தெப்பத்தில் போய் இறக்கியபோது, அதே நடு இடத்தில் மூன்றாள் மட்டத்திலேயே கல் பொதக்கென்று நின்றுவிட்டது. இழுத்தால் சேறு அப்பிக்கொண்டு வந்தது.

"தண்ணி எங்கப்பா போச்சு?" என்று கேட்டேன். அப்பா கயிற்றில் அப்பியிருந்த சேற்றை விரலால் வழித்துக்கொண்டிருந்தார்.

கரையிலிருந்து வெள்ளையம்மாதான் சொன்னாள்: "தண்ணி எங்கயும் போவல பாப்பா. மரத்தயெல்லாம் வெட்டிட்டோமா, மேல இருந்த மண்ணு மழையில எறங்கி உள்ள வந்து உக்காந்துடுச்சு."

மறுநாள் மூட்டத்தை நடத்தும் காண்டிராக்டர் வந்ததும் அப்பா அவரிடம், "கரையோரம் மிச்சம் இருக்குற மரத்தையாவது விட்டுடுங்க சார்" என்று கேட்டார்.

"கரி போட வந்தீரா, காடு காக்க வந்தீரா?" என்றார் காண்டிராக்டர்.

அந்த வாரமே வேறு மேஸ்திரி வந்துவிட்டார். நாங்கள் ஊர் திரும்பியதும் கரி பஸ்ஸில்தான். கிளீனர் பீப்பாயில் கரியைக் கொட்டும்போதெல்லாம் அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதன்பிறகு ஊரிலேயே கம்பும் கடலையும் விளைவித்துக் காலத்தை ஓட்டினார். மலைப் பேச்சை எடுத்ததே இல்லை.

அண்மையில் மகளோடு அங்கே போயிருந்தேன். ஏரி இருந்த பள்ளம் முழுக்க மரவள்ளி நின்றது. கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்த இளம்பெண்ணிடம் ஏரியைப் பற்றி விசாரித்தேன்.

"ஏரியா? இங்கயா?" என்று நிமிர்ந்தாள். "நான் கட்டிக்கிட்டு வந்த நாளா இது மரவள்ளிக் கொல்லதாங்க. ஆனா நல்ல மண்ணுங்க. கெழங்கு தொடத் தண்டிக்கு வெளையும்."

போகும்போது எடுத்துப்போகச் சொல்லி ஒரு கிழங்கை என் கையில் கொடுத்தாள். அந்த மண்ணை அங்கே கொண்டுவந்து சேர்த்தவர்கள் யார் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.