பாட்டிங்கர் இரண்டு தடவை போட்ட கோடு

லாசல்ஸ் பாட்டிங்கருக்கு அறுபத்து நான்கு வயது. முழங்கால் இரண்டும் போய்விட்டன. சர்க்கரை வியாதி வேறு. நிலம் அளக்கிற சர்வேயர் அவர். அவருக்குக் கோல் பிடிக்கிறவள் நான், இசில்டா. அவர் முக்காலிமேல் கருவியை வைத்துவிட்டு ஒற்றைக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்பார். நான் கோலைத் தூக்கிக்கொண்டு முள்ளிலும் பாறையிலும் ஓட வேண்டும். இருபத்தாறு வருஷமாக ஓடுகிறேன். ஓடுகிறேன் என்பது பேச்சுக்கு. இப்போதெல்லாம் நடக்கிறேன், அதுவும் திட்டிக்கொண்டே.

ஜமைக்காவில் எங்கள் டிரிலானி மலைப்பக்கம் வீடு வாங்குகிறவர்கள் சர்வேயரைக் கூப்பிடுவது அபூர்வம். விற்கிறவன் கையில் வெட்டுக்கத்தியோடு முன்னால் நடப்பான். "அந்தச் சீமைப்பலா மரத்துலேருந்து இந்தக் குரோட்டன்ஸ் வரைக்கும் நம்மளது" என்பான். வாங்குகிறவன் தலையாட்டுவான். ஆட்டுத்தலை சூப் ஒரு கிண்ணம், வெள்ளை ரம் ஒரு மடக்கு, முடிந்தது காரியம். எல்லையில் எல்லோரும் குரோட்டன்ஸ் செடிதான் நடுவோம். அதை ஆடு தின்னாது, வறட்சியில் சாகாது, பிடுங்கிப் போட்டாலும் கிடந்த இடத்தில் துளிர்க்கும். ஜமைக்காக்காரன் காகிதத்தை நம்ப மாட்டான், செடியை நம்புவான்.

ஆகையால் எங்களைக் கண்டால் ஒருவருக்கும் பிடிக்காது. விற்கிறவனுக்கு நாங்கள் சந்தேகப் பிராணிகள். பக்கத்து நிலத்துக்காரனுக்குத் திருட வந்தவர்கள். வெயிலில் நாள் முழுக்க நின்றாலும் ஒரு வாய் தண்ணீர் கொடுக்க யோசிப்பார்கள். பாட்டிங்கர் ஜீப்பில் ஏறி, பிஸ்கட் ஒன்றைக் கடித்து, "அடுத்தது எங்க?" என்று கேட்பார். அந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டு எனக்குத்தான் ஆயாசமாக இருக்கும்.

வெர்லீன் அக்கா எங்களைத் தானாகவே கூப்பிட்டாள். கடற்கரை ஹோட்டல் ஒன்றில் முப்பத்தொரு வருஷம் அறை கூட்டி, விரிப்பு மாற்றி வேலை பார்த்தவள். ஹோட்டலுக்குப் பின்னால் வேலைக்காரர்களுக்கான ஓர் அறையில் மூன்று பேரோடு படுத்தவள். அறுபது வயதானதும் போகச் சொல்லிவிட்டார்கள். மாதக் கடைசிக்குள் அந்த அறையைக் காலி செய்ய வேண்டும். பார்சன் கேப் என்கிற ஊரில் ஹெசி பிரிசெட் என்பவனுடைய வீடு விலைக்கு வந்தது. இரண்டு அறை, தகரக் கூரை, தள்ளி ஒரு சமையல்கட்டு, அதன் பின்னால் பெரிய சிமெண்டுத் தொட்டி. அந்தத் தொட்டிக்காகத்தான் அவள் அந்த வீட்டை விரும்பினாள். எங்கள் மலையெல்லாம் சுண்ணாம்புக் கல். ஆறு கிடையாது, கிணறு கிடையாது. கூரையில் விழுகிற மழையைத் தொட்டியில் பிடித்தால் உண்டு, இல்லையென்றால் லாரித் தண்ணீருக்குக் கையேந்த வேண்டும்.

"முப்பத்தொரு வருஷமா அடுத்தவன் படுக்கையை நீவி விட்டிருக்கேன், தங்கச்சி" என்று போனில் என்னிடம் சொன்னாள். "ஒரே ஒரு தடவைதான் வாங்கப்போறேன். நல்லா அளந்து சொல்லச் சொல்லு."

அளக்கிற நாளுக்கு முன்பாகவே சுற்றி நிலம் வைத்திருப்பவர்களுக்கு நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். கொடுத்தோம். பக்கத்து நிலம் எனிட் டல்லக்குடையது. ஐம்பது வயது, வாய் கொஞ்சம் நீளம். ஆனால் அன்றைக்கு நல்ல குணத்தில் இருந்தாள். ஹெசி ரம் பாட்டிலைத் திறந்து வழக்கப்படி முதல் சொட்டை மண்ணில் ஊற்றினான். எனிட் வெர்லீனின் தோளைத் தட்டினாள்.

"வாங்கக்கா, வாங்க. இந்தாளு மூஞ்சியவே பாத்துப் பாத்து எனக்குக் கண்ணு பூத்துப்போச்சு. நீங்க வந்தாவாவது பேச்சுத்துணைக்கு ஆச்சு."

"எல்லைத் தகராறு ஏதாச்சும் இருக்கா?" என்று பாட்டிங்கர் கேட்டார்.

"தகராறா? அதோ குரோட்டன்ஸ். அதுதான் எல்லை. சந்தேகம்னா இத பாருங்க." எனிட் ஒரு பிளாஸ்டிக் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து நீட்டினாள். "எங்கப்பா வாங்கினப்ப அளந்த பிளான். கையெழுத்து யாருதுன்னு நீங்களே படிங்க."

கையெழுத்து பாட்டிங்கருடையது. இருபத்து நான்கு வருஷம் முன்பு போட்டது. எனக்கும் அப்போதுதான் ஞாபகம் வந்தது. அந்தச் செடி வரிசையில் கோல் நட்டு நின்றவளே நான்தான். அப்போது இது முழுக்கப் புதராக இருந்தது. பழைய கரும்புத் தோட்டத்து எல்லைக்கல் ஒன்று எங்கேயோ இருக்க வேண்டும் என்று இரண்டு நாள் தேடிவிட்டு, கிடைக்காமல், ஊரார் எல்லோரும் கைகாட்டிய குரோட்டன்ஸ் வரிசையையே எல்லையாக எழுதினோம்.

பாட்டிங்கர் பிளானைத் திருப்பிக் கொடுத்தார். அளக்க ஆரம்பித்தோம்.

போன வருஷம் ரோட்டை அகலப்படுத்துகிறேன் என்று மண்மேட்டை வெட்டியிருந்தார்கள். அந்த வெட்டில், சாலையோரமாக, ஒரு கல் நீட்டிக்கொண்டிருந்தது. மேலே சிலுவை மாதிரி ஒரு கோடு செதுக்கியிருந்தது. அந்தச் சிலுவை பழைய தோட்டத்து எல்லைக்கல்லின் அடையாளம். நான் மண்ணைத் துடைத்தேன். பாட்டிங்கர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தார். அந்தக் காலத்தில் இரண்டு நாள் தேடிக் கிடைக்காத கல் அதுதான்.

அதை வைத்து அவர் மறுபடி கணக்குப் போட்டார். மூன்று தடவை போட்டார். பிறகு குரோட்டன்ஸ் வரிசைக்குப் போய், என்னிடம் கத்தியை வாங்கி, ஒரு செடியின் அடியில் அவரே கிளறினார். ஓர் அடி ஆழத்தில் தட்டைக் கல். அடுத்த செடிக்கு அடியிலும் ஒன்று. அதற்கடுத்த செடிக்கும். எல்லாம் ஆள் நீளத்துக்கு, எல்லாம் கிழக்குப் பார்த்து.

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. குரோட்டன்ஸை நாங்கள் எல்லையில் மட்டும் நடுவதில்லை, புதைத்த இடத்திலும் நடுவோம். போனவர்கள் எழுந்து நடமாடாமல் கிடக்கட்டும் என்று தலைமாட்டில் ஒன்று. இங்கே யாரோ தங்கள் மனிதர்களை வரிசையாகப் புதைத்துவிட்டு, வரிசையாகச் செடியும் நட்டுவிட்டு, இங்கிலாந்துக்குக் கப்பலேறிப் போய்விட்டார்கள். அவர்கள் போனபின் நிலத்தை வாங்கியவர் எனிட்டின் அப்பா. செடி நின்றது, கதை மறைந்தது. பாட்டிங்கர் கிங்ஸ்டன் நகரத்தில் பிறந்தவர், அவருக்குத் தெரியாமல் போனது சரி. மலையில் பிறந்து வளர்ந்த எனக்கு எங்கே போயிற்று புத்தி? எந்தக் குடும்பம் தன் பிணத்தை எல்லை மேல் புதைக்கும்?

அவர் என்னை ஜீப்புக்குப் பின்னால் கூப்பிட்டார்.

"உண்மையான கோடு செடியிலேருந்து பதினாறடி ஹெசி வீட்டுப் பக்கம் வருது, இசில்டா. வீட்டுக்கும் சமையல்கட்டுக்கும் நடுவுல போகுது."

"அப்ப தொட்டி?"

"தொட்டி எனிட் நிலத்துல இருக்கு."

நான் சுற்றுமுற்றும் பார்த்தேன். ஹெசி அடுப்பில் சூப்பைக் கிளறிக்கொண்டிருந்தான். எனிட் அவனைக் கேலி செய்துகொண்டிருந்தாள். வீட்டு ஜன்னலில் வெர்லீன் தெரிந்தாள். கையில் தையல் டேப் வைத்துக்கொண்டு ஜன்னலின் அகலத்தை அளந்துகொண்டிருந்தாள். ஹோட்டலில் கழித்துப்போட்ட விரிப்புகளை வெட்டித் திரை தைக்கப் போவதாகக் காலையில்தான் சொல்லியிருந்தாள்.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருக்கவில்லை.

"சார், நான் ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. விக்கிறவனுக்குச் சம்மதம். வாங்குறவளுக்குச் சம்மதம். பக்கத்துக்காரியே செடிதான் எல்லைன்னு சொல்றா. ஊரோட ஒத்துப் போங்க. கல்லு மேல மண்ணைத் தள்ளி விட்டுடறேன். சும்மா கெடந்த சங்கை ஊதிக் கெடுக்காதீங்க."

"அவ செடின்னு சொல்றது நான் எழுதினதை நம்பி."

"இப்பச் சொன்னா உங்க பேரு நாறிப்போகும். இந்த மலையில அப்புறம் ஒருத்தன் கூப்பிட மாட்டான்."

"இப்ப மட்டும் தாம்பாளத்தை வச்சா கூப்பிடறான்?"

அவருக்கு வேடிக்கையாகப் பேச வராது. அந்த ஒன்றைச் சொல்லிவிட்டு ஜீப்பின் பக்கவாட்டில் சாய்ந்து நின்றார். கண்ணை மூடிக்கொண்டிருந்தார். உட்காரப் போகிறார் என்றுதான் நினைத்தேன். பிறகு தொப்பியைச் சரிசெய்துகொண்டு முற்றத்துக்கு நடந்தார்.

எல்லோரையும் கூப்பிட்டு வைத்துச் சொன்னார். சுற்றி வளைக்கவில்லை. "இருபத்து நாலு வருஷத்துக்கு முன்னாடி நான் தப்பா அளந்தேன். அது எல்லைச்செடி இல்ல, சமாதிச்செடி. தொட்டியும் சமையல்கட்டும் எனிட்டோட நிலத்துல இருக்கு."

முதலில் யாருக்கும் புரியவில்லை. புரிந்தபோது ஹெசி கரண்டியோடு வந்தான்.

"யோவ், நீ கோடு போட்டேன்னுதானேய்யா நான் அங்க தொட்டி கட்டினேன்? என் கையால கல்லு சுமந்து கட்டினேன். இப்ப வந்து தப்புங்கிற. நீ படிச்சவனா, இல்ல பைத்தியமா?"

"தப்பு என்மேலதான், ஹெசி."

"இத்தனை வருஷம் ஆயிடுச்சே, இனிமே அதுதான எல்லை?"

"அப்படியும் வாதாடலாம். அதைக் கோர்ட்டுதான் சொல்லணும். நான் கண்டதைத்தான் நான் எழுத முடியும்."

எனிட் மெதுவாக நடந்துபோய்த் தொட்டியின் சிமெண்டை உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள். காலையில் வெர்லீனின் தோளைத் தட்டிய அதே கை. திரும்பி வரும்போது அவள் முகம் மாறியிருந்தது. "யாராச்சும் இனிமே இதுல தண்ணி மொள்ளணும்னா என்னைக் கேட்டுட்டு மொள்ளுங்க" என்றாள். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது என்பார்களே, அதைக் கண்ணால் பார்த்தேன்.

வெர்லீன் வாசற்படியில் உட்கார்ந்து தையல் டேப்பை விரலில் சுற்றினாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

"சர்வேயர் ஐயா" என்றாள். "உங்களை நான் கூப்பிடாம இருந்திருந்தா, அடுத்த வாரம் இந்நேரம் அந்தச் சமையல்கட்டுல டீ போட்டுக் குடிச்சிட்டிருப்பேன்."

"ஆமாம்மா" என்றார் பாட்டிங்கர்.

அன்றைக்கு எங்களுக்கு சூப் கிடைக்கவில்லை.

நான் சொன்னது பலித்தது. பாட்டிங்கர் தப்பாக அளந்தவர் என்ற சேதி ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிவதற்குள் நாலு ஊருக்குப் போய்விட்டது. ஏற்கெனவே ஒத்துக்கொண்ட இரண்டு வேலைகள் தவறின. பழைய பிளான் வைத்திருந்தவர்கள் எல்லாம் அதைத் தூக்கிக்கொண்டு வந்து, இதுவும் தப்பா என்று கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் அவர் திரும்பப் போய் அளந்து கொடுத்தார். காசு வாங்கவில்லை. வேறு ஒரு கோடும் தப்பாக இல்லை, ஆனால் அதை யாரும் ஊரில் போய்ச் சொல்லவில்லை. அவர் இன்னும் மெதுவாக நடந்தார். "வேலியில போன ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிட்டீங்க" என்று நான் தினமும் ஒரு தடவையாவது சொல்வேன். அவர் மறுப்பதும் இல்லை.

வெர்லீன் பக்கத்து டவுனில் ஒரு கறிக்கடைக்கு மேலே வாடகை அறையில் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். போய்ப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

மூன்று மாதம் கழித்து பார்சன் கேப் வழியாக வந்த டாக்சிக்காரன் ஒரு சேதி சொன்னான். ஃப்ளோரிடாவில் இருக்கிற எனிட்டின் மகன் அம்மாவின் நிலத்தில் மாடி வீடு கட்ட வங்கியில் கடன் கேட்டிருக்கிறான். அதற்காகக் கிங்ஸ்டனிலிருந்து ஒரு சர்வேயரை ஏற்பாடு செய்திருந்தானாம், நாங்கள் அங்கே போவதற்கு முன்பே. அந்த ஆள் புதுக் கருவியோடு வந்து இறங்கி, ஒரே காலையில் ரோட்டோரக் கல்லைக் கண்டுபிடித்து, பாட்டிங்கர் சொன்ன அதே கோட்டைப் போட்டுவிட்டானாம். இப்போது தொட்டியைச் சுற்றி முள்கம்பி. ஹெசி டிரம்மில் மழைத் தண்ணீர் பிடிக்கிறான். வெர்லீன் அந்த வீட்டை வாங்கியிருந்தால் அந்த டிரம் அவள் தலையில் விழுந்திருக்கும். வீடு இன்னும் விற்கவில்லை.

அதற்கு அடுத்த வாரம் போன் வந்தது. பாட்டிங்கர் வெந்நீரில் காலை ஊறப்போட்டு உட்கார்ந்திருந்தார், அதனால் நான் எடுத்தேன்.

"தங்கச்சி, அந்த மனுஷன் இன்னும் வேலை பாக்கறாரா?" வெர்லீன் அக்காவின் குரல்.

"பாக்கறாருக்கா. நடக்கறதுதான் கஷ்டம்."

"மெதுவா வரட்டும். வேற ஒரு வீடு பாத்திருக்கேன், அதைவிடச் சின்னது, ஒரே அறை. விக்கிறவன் சத்தியம் பண்றான், ஊரே சத்தியம் பண்ணுது, ஒரு வில்லங்கமும் இல்லையாம். அதான் பயமா இருக்கு. அவரு வந்து பாத்துச் சொல்லாம நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

நான் போனைக் கையால் பொத்திக்கொண்டு அவரிடம் சொன்னேன். அவர் நம்பாமல் என்னைப் பார்த்தார். பிறகு காலை வெந்நீரிலிருந்து எடுத்து, துண்டைத் தேடினார். நான் எடுத்துக் கொடுத்தேன். விரலிடுக்கெல்லாம் நிதானமாகத் துடைத்து முடித்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

"எல்லையில குரோட்டன்ஸ் இருக்கான்னு கேளு."

கேட்டேன். இருக்கிறதாம், நீள வரிசையாக.

"அப்படின்னா கடப்பாரையை ஜீப்புல போடு" என்றார் பாட்டிங்கர். "முதல்ல அதைத் தோண்டிப் பாத்துட்டு அப்புறம் அளக்கலாம்."