இழுப்பறைக்குள் வெட்டிய மின்னல்

ஆய்வுக்கூடத்தில் அவளை எல்லோரும் இருட்டக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஜன்னல் இல்லாத அறையில், மங்கிய சிவப்பு விளக்கில் அவளுக்கு வேலை. வெளிச்சம் பட்டால் மட்டும் விழித்துக்கொண்டு புற்றுநோய்ச் செல்களைக் கொல்லும் மருந்தைத் தேடிக்கொண்டிருந்தார்கள். எந்தப் பொருளைச் சோதிப்பது என்று செயற்கை நுண்ணறிவு பொறுக்கிக் கொடுக்கும். அவள் அதை இரண்டு தட்டுச் செல்களில் விடுவாள். ஒரு தட்டை விளக்கடியில் வைப்பாள். மற்றதை இழுப்பறையில் போட்டு மூடுவாள். இருட்டில் இருப்பவை சாகக் கூடாது.

புதிதாக வந்த பொருளுக்கு இருட்டுத் தட்டும் கூண்டோடு காலி. மறுநாளும் அதே கதை.

"இது வெறும் விஷம். தூக்கிப் போட்டுடலாம்" என்றாள்.

கணினியைக் கவனிக்கும் பொறியாளருக்கு முகம் சுண்டிவிட்டது. "என் மிஷின் ஆசை ஆசையா பொறுக்கினதையா?"

"அப்ப ஏன் செத்துச்சுன்னு அதுகிட்டயே கேளுங்க."

கேட்டார். அது பக்கம் பக்கமாகக் காரணம் சொன்னது. ஒன்றும் தேறவில்லை.

கடைசியாக ஒருமுறை பார்க்கலாம் என்று மூன்றாவது தட்டை வைத்தாள். எடுக்கப் போய் இழுப்பறையைத் திறந்தால் உள்ளே பளிச் பளிச்சென்று மின்னல். அவளுடைய போன்! அறைக்குள் வெளிச்சம் கூடாதென்று அவளே அதையும் உள்ளே போட்டு வைத்திருந்தாள். சத்தத்தை அடைத்துவிட்டு, அழைப்பு வந்தால் டார்ச் மின்னும்படி வைத்திருந்தது அவளுக்கு நினைவே இல்லை.

கூப்பிட்டது கணவர். பஸ் ஓட்டுநர், கால் முறிந்து, கட்டுப்போட்டு வீட்டில் கிடந்தார்.

"ரிமோட்ட எங்க வச்ச?"

"காலையிலேருந்து எத்தன தடவ போன் பண்ணீங்க?"

"யார் எண்ணினா? நீ எடுத்தாதானே."

"நேத்து?"

"நேத்து கண்ணாடியத் தேடினேன்."

"கிடைச்சுதா?"

"தலையிலதான் இருந்துச்சு."

போனை வெளியே வைத்துவிட்டு மறுபடி சோதித்தாள். இருட்டுத் தட்டில் செல்கள் சுகமாக இருந்தன. வேண்டுமென்றே டார்ச்சைக் கொஞ்ச நேரம் மின்னவிட்டாள். மொத்தமும் அவுட். இதுவரை சோதித்த எதுவும் இவ்வளவு குறைந்த வெளிச்சத்துக்கு அசைந்ததில்லை. பொறியாளர் கணினியின் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

மருந்தாக இன்னும் எவ்வளவோ தூரம் இருக்கிறது. ஆனாலும் அந்தப் பொருள் அடுத்த கட்டச் சோதனைக்குப் போயிற்று. அறிக்கையில் 'தற்செயலாகப் பட்ட வெளிச்சம்' என்று எழுதியதை வீட்டில் படித்துக் காட்டினாள்.

கணவருக்குச் சுருக்கென்றது. "என்ன தற்செயல்? ஒவ்வொரு தடவையும் நான் வேணும்னுதானே கூப்பிட்டேன்."

அன்று முழுக்க அவர் பேசவில்லை. அவள் நிம்மதியாகத் தூங்கினாள்.