ஜன்னல் வெயிலில் வைத்த தட்டுகள்

ஒருத்திமேல் இரண்டு குளிர்காலம் வஞ்சம் வைத்திருந்தேன். இதை எழுதும்போது அது முழுசாக ஆறிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன்.

தில்லியில் ஒரு கல்லூரி லேபில் கண்ணாடிச் சாமான் கழுவுவது என் வேலை. அதற்கு முன்னால் ஜனக்புரிப் பக்கம் வீடு வீடாகப் பாத்திரம் தேய்த்தவள். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு அந்த சிங்க் பெரிய இடம். யார் முகத்தையும் பார்க்க வேண்டாம், யாரோடும் பேச வேண்டாம். எல்லாருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கலாம். என்னை மாதிரி கூச்சக்காரிக்கு வேறென்ன வேண்டும்?

அங்கே ஆராய்ச்சி செய்த மேடம் தமிழ்ப் பெண். லோதி ரோடு அரசாங்க வீட்டில் வளர்ந்தவள். என்னோடு ஒரு வார்த்தை தமிழ் பேசியதில்லை. "அரே ஆன்ட்டி, ஜல்தி" என்பாள், அவ்வளவுதான். ஆனால் தினமும் அம்மாவுக்குப் போன் போட்டு, வந்த மாப்பிள்ளைகளையெல்லாம் தமிழில்தான் கிழிகிழியென்று கிழிப்பாள். நான் காது கேட்காதவள் மாதிரி குடுவை கழுவிக்கொண்டிருப்பேன்.

அவள் வேலை கிருமிகளோடு. புதிதாக வந்த பெண்களுக்கு அவள் ஹிந்தியில் விளக்கியதைக் கேட்டுத்தான் எனக்கும் விஷயம் தெரியும். ஒவ்வொரு கிருமிக்குள்ளும் டி.என்.ஏ. என்று ஒரு நூல் சுருண்டு கிடக்கிறது. கிருமி பிழைக்க வேண்டிய விவரமெல்லாம் அதில்தான் இருக்கிறது. கிருமியைச் சின்னக் கண்ணாடித் தட்டில் பரப்பி யூவி விளக்குக்கு அடியில் வைத்தால், நூலில் அடுத்தடுத்த கண்ணிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒட்டின இடம் கூடிப்போனால் கிருமி செத்துப்போகும். ஆனால் சும்மா சாகாது. பழுதான துண்டை வெட்டி எடுத்து, எதிர் இழையைப் பார்த்துப் புதுசாகப் பின்னி வைக்க உள்ளேயே ஆட்கள் உண்டு. அவர்கள் இருட்டிலும் வேலை செய்வார்கள். இன்னொரு ஆள் இருக்கிறான், வெளிச்சம் பட்டால்தான் வேலைக்கு எழுந்திருப்பான். எழுந்தால் வெட்டெல்லாம் கிடையாது, ஒட்டினதை அப்படியே பிரித்துவிடுவான்.

மேடத்துக்குத் தெரிய வேண்டியது, இருட்டு ஆட்கள் மட்டும் எவ்வளவு தாக்குப்பிடிப்பார்கள் என்பது. அதனால் விளக்கிலிருந்து எடுத்த தட்டை உடனே கறுப்புத் தாளில் சுற்றி, சூட்டு அலமாரிக்குள் வைத்துவிட வேண்டும். விளக்கு அறையில்கூட மங்கலாக ஒரு மஞ்சள் பல்புதான்.

ஒரு ஜனவரியில், சாக வேண்டிய கிருமியெல்லாம் மறுநாள் தட்டு நிறையப் புள்ளி புள்ளியாக முளைத்திருந்தது. லேபின் தலைவரைப் பெரிய சார் என்போம். அவர் காரணம் கேட்டார். மேடம் என் பக்கம் கையை நீட்டினாள். ஆன்ட்டி சுத்தம் செய்யும்போது தாளைப் பிரித்துப் பார்த்திருப்பாள், படிக்காதவள், அவளுக்கென்ன தெரியும் என்றாள். ஏழெட்டுப் பேர் என்னைப் பார்த்தார்கள். நான் தொடவே இல்லை. அதைச் சொல்ல வாய் வரவில்லை. கையிலிருந்த குடுவையையே மூன்று தரம் கழுவினேன். மறுநாள் என்னை லேபிலிருந்து எடுத்து, காரிடாரில் போச்சாத் துணியால் தரை துடைக்கவும் கக்கூஸ் கழுவவும் விட்டார்கள்.

காரிடாருக்குப் போன பிறகுதான், கதவுக் கண்ணாடி வழியாக எனக்கு உண்மை தெரிந்தது. மேடம் விளக்கு அறையிலிருந்து தட்டுகளை ட்ரேயில் எடுத்து வருவாள். நேரே வெயில் விழும் ஜன்னல் திட்டில் வைப்பாள். தில்லிக் குளிரில் விரல் விறைத்துப்போகும், எல்லாரும் வெயில் விழும் இடமாகத்தான் தேடுவார்கள். அங்கே சாய்ந்து, அம்மாவோடு பேசிக்கொண்டே, ஒவ்வொரு மூடியிலும் பேனாவால் பேர் எழுதுவாள். அரை மணி நேரம். அப்புறம்தான் கறுப்புத் தாள். தட்டை வெயிலில் காய வைக்கிறோம் என்கிற நினைப்பே அவளுக்கு இல்லை.

நான் சொல்லவில்லை. பஸ்ஸில் வரும்போதே வானத்தைப் பார்ப்பேன். மூடுபனி என்றால் அன்றைக்கு அவள் தட்டு சரியாக வரும். வெயில் அடித்தால் தப்பாக வரும். வெயில் அடிக்கிற நாள் எனக்கு இனிப்புச் சாப்பிட்ட மாதிரி இருக்கும். கோடையில் யாரும் அந்த ஜன்னலுக்குப் போவதில்லை, எல்லாம் சரியாக வந்தது. மறுபடி குளிர் வந்தது, மறுபடி குழப்பம். அவள் விளக்கை மாற்றினாள், கிருமியை மாற்றினாள், தண்ணீரைக்கூட மாற்றினாள். பட்டம் வாங்குவது தள்ளிக்கொண்டே போனது. ஒரு நாள் பாத்ரூமுக்குள் அவள் அழுவது கேட்டது. பாவம் என்று தோன்றியது. வெளியே வந்தவள், தரை ஏன் ஈரமாக இருக்கிறது என்று என்மேல் எரிந்து விழுந்தாள். தோன்றினதும் போய்விட்டது.

இரண்டாவது ஜனவரியில் பெரிய சார் நோட்டோடு வந்து, இப்போது என்ன காரணம் என்று கேட்டார். ஆன்ட்டிதான் கதவைத் திறந்து திறந்து எட்டிப் பார்க்கிறாள், வெளிச்சம் விழுகிறது, அவளைக் கட்டடத்தை விட்டே அனுப்புங்கள் என்றாள் மேடம். என்னைக் கூப்பிட்டார்கள். கதவைத் திறந்தாயா என்று பெரிய சார் ஹிந்தியில் கேட்டார். அன்றைக்கும் வாயை மூடிக்கொண்டிருந்தால் வேலை போயிற்று. முப்பது வருஷமாக ஹிந்தி பேசுகிறவள் நான். ஆனாலும் மேடத்தைப் பார்த்துத் தமிழில் சொன்னேன்.

"வெளக்குல காட்டுன தட்ட ஜன்னல் வெயில்ல வெச்சிட்டு அரை மணி நேரம் அம்மாகிட்ட பேசுறது நீங்கதான் மேடம். ரெண்டு குளிரா பாக்குறேன். சாருக்கு எடுத்துச் சொல்லுங்க."

என்ன சொல்கிறாள் என்று பெரிய சார் அவளைக் கேட்டார். ஆன்ட்டிக்கு உடம்பு சரியில்லையாம் என்று மேடம் ஹிந்தியில் ஆரம்பித்தாள்.

"மாத்திச் சொன்னீங்கன்னா நானே இந்தியில சொல்லிருவேன். உங்க வாயால வரட்டும்."

வந்தது. அதே ஏழெட்டுப் பேர் முன்னால், ஒவ்வொரு வார்த்தையாக வந்தது. வெயில் என்று சொன்ன இடத்தில் நின்றுவிட்டாள். ஜன்னலைத் திரும்பிப் பார்த்தாள். நான் தலையைக் குனியாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெரிய சார் கத்தவில்லை. ஆறு தட்டை விளக்கில் காட்டி, மூன்றை வெயிலில் வை, மூன்றை உடனே சுற்று என்றார். மறுநாள் பார்க்க என்னையும் கூப்பிட்டார். வெயிலில் வைத்த மூன்றிலும் புள்ளிகள் நெருக்கியடித்து முளைத்திருந்தன. மற்றதில் அங்கொன்றும் இங்கொன்றும். ஏன் முன்னமே சொல்லவில்லை என்று கேட்டார். யாரும் என்னைக் கேட்கவில்லையே சார் என்றேன்.

அந்த வாரமே சிங்க் எனக்குத் திரும்பக் கிடைத்தது. அலமாரியில் அடுக்கியிருந்த அந்தக் குளிர்காலத்துத் தட்டுகளையெல்லாம் கிருமி சாக வேகவைத்து, கழுவப் போட்டார்கள். மேடமே ட்ரே ட்ரேயாகச் சுமந்து வந்து என் பக்கத்தில் வைத்தாள். நான் திரும்பவில்லை. அவள் எழுதின எழுத்தை மூடி மூடியாக நகத்தால் சுரண்டினேன். ஒரே நாளில் முடிக்கிற வேலைதான். மூன்று நாள் கழுவினேன்.