செம்மஞ்சள் மிதவை

இது உண்மையாக நடந்தது. கட்டுக்கதை என்று சிரித்தவர்களோடு தயாநிதி இப்போது முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. சிரிக்கிற எண்ணம் இருந்தால் நீங்களும் இத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அன்று விடியும்போதே மனிதருக்குக் கடும் கோபம். முந்தின நாள், சுவிஸின் திரிம்பாக்கில், அவர் குடியிருக்கும் கட்டடத்தின் துணி துவைக்கும் அறையில், கீழ்வீட்டாருடைய முறை நாளில் தெரியாமல் மெஷினைப் போட்டுவிட்டார். கீழ்வீட்டுக்காரி ஈரத்துணி முழுவதையும் அள்ளித் தரையில் எறிந்துவிட்டு, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். தயாநிதி என்ன செய்தார்? "என்ச்சுல்டிகுங்" என்று மன்னிப்புக் கேட்டார்! முப்பது வருடமாக அவருக்கு வாயில் வருவது அந்த ஒரே சொல்தான். பஸ்ஸில், வேலையில், குப்பைப் பை வைக்கிற இடத்தில். இனி ஒருவருக்கும் பணிவதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு எழும்பினார்.

வாசலில் நிருசன் ஹோர்ன் அடித்தான். மனைவியின் தங்கை புருஷன். ஸ்டோர் மீன் பிடிக்கப் பழகவேண்டும் என்று இரண்டு மாதமாக இவருடைய உயிரை எடுத்தவன். ஸ்டோர் ஆள் நீளத்துக்கு வளரும், அடிமண்ணில் மேயும். ஆரே ஆற்றுக்குப் பக்கத்தில், சரளைக்கல் தோண்டிய ஒரு பெரிய குளத்தில் அதை வளர்க்கிறார்கள். படகும் வாடகைக்குத் தருவார்கள்.

குளத்துச் சொந்தக்காரி ரூத், வெள்ளை முடியும் ரப்பர் சப்பாத்துமாக வந்து, சுருக்கமாகச் சொல்லிக்கொடுத்தார். நங்கூரத்தைப் படகின் முன்பக்கத்தில் மட்டும் கட்டவேண்டும். கயிற்றில் ஒரு மிதவை இருக்கவேண்டும். பெரிய மீன் கொளுவினால் கயிற்றைக் கழற்றி எறிந்துவிட்டு மீனுக்குப் பின்னால் போகவேண்டும். பிறகு திரும்பி வந்து மிதவையைப் பிடித்து, அதே இடத்தில் கட்டிக்கொள்ளலாம்.

"இன்றைக்கு உங்கள் படகு மட்டும்தான். இந்த மூடுபனிக்கு வேறு யாரும் வரமாட்டார்கள்" என்றார்.

பனி அப்படி. பத்து மணியாகியும் படகின் மறுமுனை மங்கலாகத்தான் தெரிந்தது. இவர் துடுப்புப் போட, நிருசன் முன்னால் இருந்தான்.

"அண்ணை, இஞ்ச ஒரு மிதவை கிடக்கு. இதிலயே கட்டுவம். நங்கூரம் இறக்கிற வேலை மிச்சம்."

நிறம் மங்கிய செம்மஞ்சள் மிதவை. குளத்துக்குச் சொந்தமானது என்றுதான் இருவரும் நினைத்தார்கள். கட்டினார்கள். புழுவைக் கோத்துத் தூண்டிலை இறக்கினார்கள்.

காற்று இல்லை. ஆனால் கயிறு மெதுவாக அதிர்ந்துகொண்டிருந்தது.

"மீனோ?" என்றான் நிருசன்.

"மீன் தூண்டிலையெல்லோ இழுக்கும்."

அப்போது பனிக்குள்ளிருந்து குரல் வந்தது. வயதான ஆண் குரல். சுவிஸ் ஜெர்மன்.

"தா இஷ் மினி."

அது என்னுடையது.

தயாநிதிக்குச் சுள்ளென்று ஏறியது. குளத்திலுமா? நடுத்தண்ணியிலுமா முறை கேட்டு வருகிறார்கள்?

"பேசாமல் இரு" என்றார் நிருசனிடம்.

மறுபடியும் அதே குரல். இப்போது இடப்பக்கம். துடுப்புச் சத்தம் இல்லை. எஞ்சின் சத்தமும் இல்லை.

"அண்ணை... குடுத்திடுவம். பிழை எங்களில எல்லோ?"

"குடுக்கேலாது! அந்தாள் எங்க எண்டாலும் போய்க் கட்டட்டும்."

குரல் மூன்றாவது தடவை வந்தது. மிக அருகில். மிகத் தாழ்வாக... ஒருவர் படகில் இருந்து கதைக்கும் உயரத்தில் இல்லை. தண்ணீர் மட்டத்தில்.

"உங்கள் பெயர் என்ன? எங்கே இருக்கிறீர்கள்?"

அந்தக் கேள்வி! முறைப்பாடு செய்கிறவர்கள் எல்லாரும் கேட்கிற அதே கேள்வி. முப்பது வருடக் கோபமும் ஒன்றாகத் தொண்டைக்கு வந்தது. படகு ஆட எழும்பி நின்று கத்தினார். பெயரைச் சொன்னார். தெருவைச் சொன்னார். மூன்றாம் மாடி என்றும் சொன்னார்.

"போலீசுக்குச் சொல்லு! இல்லாட்டி வீட்டை வந்து கேள்! வா! நான் தரமாட்டன்!"

கயிற்றின் அதிர்வு நின்றது.

பிறகு... இறுகியது.

படகின் முன்பக்கம் தாழ்ந்தது. ஒரு சாண். இன்னும் ஒரு சாண்.

தண்ணீர் உள்ளே வந்தது.

"அண்ணை! வெட்டுங்கோ!"

கத்தி. கயிறு. ஒரு இழுவை.

இன்னொன்று.

டப்!

படகு துள்ளி நிமிர்ந்தது. மிதவையைக் காணவில்லை.

இருவரும் கரைக்கு வந்தார்கள். தயாநிதிக்குக் கோபம் ஆறவில்லை. யாரோ கிழவன் மிதவைக்காகத் தங்களைக் கவிழ்க்கப் பார்த்தான் என்று ரூத்திடம் ஏறி விழுந்தார்.

ரூத்தின் முகம் வெளிறியது. "என்ன நிறம்?" என்று மட்டும் கேட்டார்.

கரையிலிருந்த கொட்டிலைத் திறந்து காட்டினார். சுவரில், ஆணியில், அதே செம்மஞ்சள் மிதவை தொங்கியது. சித்திரையில் வயதான ஒருவர் பெரிய ஸ்டோர் கொளுவி, கயிற்றைக் கழற்றி எறிந்துவிட்டு மீனின் பின்னால் போனாராம். மிதவைக்குத் திரும்பி வரவில்லை. படகு கவிழ்ந்து கிடந்தது. ஆளை இன்றுவரை எடுக்கவில்லை. சுழியோடிகள் கொண்டுவந்தது இந்த மிதவையையும் நங்கூரத்தையும்தான். அன்று பூட்டிய கொட்டிலை இன்றுதான் திறக்கிறாராம்.

மிதவையின் கயிறு புதிதாக வெட்டுப்பட்டிருந்தது. நுனியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

தயாநிதியின் போன் அடித்தது. வீட்டிலிருந்து மனைவி பரமேஸ்வரி.

"இஞ்சருங்கோ, ஆரோ ஒரு சுவிஸ் ஐயா உங்களைத் தேடி வந்திருக்கிறார். உடுப்பெல்லாம் தொப்பலா நனைஞ்சு போய். இப்பதான் நிலம் துடைச்சனான், முழுக்கத் தண்ணி!" அவருக்கும் கோபம்.

"கதவைத் திறந்தனீரோ?"

"வீடு தேடி வந்த ஆளை வாசலிலயே நிப்பாட்டுறது? உள்ள இருத்தித் தேத்தண்ணி குடுத்தனான். தொடேல்லை. நீங்கள் வருமட்டும் இருக்கிறாராம்."

"பரமேஸ்... வெளியில போம். உடன வெளியில போம்!"

"ஏன் கத்துறீங்கள்? நீங்கள்தானாம் வரச்சொன்னது."