பூஞ்சணத்துக்காக ஒரு ஜெபம்

தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்த எங்களுக்குச் சோறு தெரியும், நெல் தெரியாது. அப்படியிருந்தும் போன போகத்தில் வயல் செய்யத் துணிந்தோம். வெலிமடைப் பக்கம், தோட்டத்துக்குக் கீழே பள்ளத்தில் ஏழு தட்டு வயல். கீழ்க் கிராமத்துச் சிங்களப் பெரியவர் ஒருவருடையது. அவருக்கு முழங்கால் விட்டுப்போனதால், விளைவதில் பாதிக்குப் பாதி என்று எங்களிடம் கொடுத்தார்.

நாற்று பிடித்து, பயிர் இடுப்பளவு எழும்பி நின்றது. காலையில் ஜெபம் முடித்ததும் பள்ளத்தை எட்டிப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. ஒரு நாள் கடைசித் தட்டின் நடுவில் வட்டமாக ஒரு இடம் வெந்ததுபோல் காய்ந்து கிடந்தது. இறங்கிப்போய்ப் பயிரை விலக்கினேன். தண்டின் அடியில், தண்ணீருக்குச் சற்று மேலே, எள்ளைக் கொட்டியதுபோல் பழுப்புப் பூச்சிகள். கபிலத் தத்தி என்றார் பெரியவர். மறுநாளே விஷ டப்பா ஒன்றை வாங்கிவந்து வரப்பில் வைத்தார்.

எனக்கு அது ஒப்பவில்லை. அந்த வயல் தண்ணீர் வடிகிற ஓடையில்தான் லயத்துப் பெண்கள் நாங்கள் துணி துவைக்கிறோம், பிள்ளைகளைக் குளிப்பாட்டுகிறோம். விவசாயப் போதனாசிரியை இளவயதுப் பெண். அவரிடம் போய்ச் சொன்னேன். பூச்சியைப் பிடித்துக் கொல்லும் பங்கசு, அதாவது பூஞ்சணம், ஒன்று இருக்கிறதென்று சொல்லி, ஒரு பொட்டலம் கொடுத்தார். உள்ளே சோற்றுப் பருக்கைகள், மேலே பச்சைப் பொடி படிந்து. கெட்டுப்போன பழைய சோறு மாதிரியே இருந்தது. தண்ணீரில் கரைத்து, துணியில் வடிகட்டி, வெயில் தாழ்ந்த பிறகு தண்டின் அடியில் படும்படி அடிக்க வேண்டும். அது உயிருள்ளது, செத்துப்போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று இரண்டு தடவை சொன்னார்.

பெரியவருக்கு நம்பிக்கை வரவில்லை. ஆனாலும் என்னை மகள் மாதிரி நினைத்து, 'துவ' என்றுதான் கூப்பிடுவார்.

"ரெண்டு கிழமை பாக்கிறது, துவ. அதுக்குள்ள நிக்கல்லன்னா நான் விஷம் அடிக்கிறது. வயலையும் வேற ஆளுக்குக் குடுக்கிறது."

என் வீட்டுக்காரர் இருபது வருஷம் தோட்டத்தில் மருந்தடித்தவர். மழைக்காலத்தில் தேயிலைக் கொழுந்தில் கொப்புளம் போடும். அதைக் கொல்லச் செம்பு மருந்தை முதுகில் சுமந்து மலை மலையாக ஏறியவர். அதே பழைய டாங்கியைக் கழுவிக் கட்டிக்கொண்டு, சாயங்காலம் ஏழு தட்டும் நேர்த்தியாக அடித்துவிட்டு வந்தார். அன்று ராத்திரி ஜெபத்தில் நான் தயங்கினேன். பூஞ்சணத்துக்காக ஆண்டவரிடம் எப்படிக் கேட்பது? அதையும் அவர்தானே உண்டாக்கினார் என்று மனதைத் தேற்றிக்கொண்டு, "அது உயிரோடு இருக்கட்டும் ஆண்டவரே" என்று முடித்தேன். வீட்டுக்காரர் ஆமென் சொல்லாமல் சிரித்தார்.

ஏழு நாள், ஒரு கிழமை போனது. ஒரு பூச்சிகூடச் சாகவில்லை. காய்ந்த வட்டம் இரண்டாயிற்று. போதனாசிரியை நேரில் வந்து தண்டுகளை விலக்கிப் பார்த்தார், முகம் சுருங்கியது. எதில் அடித்தீர்கள் என்று கேட்டார். என் வீட்டுக்காரர் பெருமையோடு டாங்கியைக் கொண்டுவந்து வைத்தார். போதனாசிரியை மூடியைத் திறந்து, வடிகட்டியின் ஓரத்தை நகத்தால் சுரண்டினார். நீலப்பச்சையாய்ப் பொருக்கு உதிர்ந்தது.

"இது செம்பு மருந்தில்லையா ஐயா? பங்கசக் கொல்ற மருந்து படிஞ்ச டாங்கியில பங்கசையே ஊத்தியிருக்கீங்களே."

இவர் தலையைச் சொறிந்துகொண்டே, "இருவது வருஷமா பூஞ்சணத்தக் கொன்னே பழகுன கை மிஸ். காப்பாத்தச் சொன்னா அதுக்கு எப்படித் தெரியும்?" என்றார். அந்தப் பெண் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கெடுவில் பாதி போய்விட்டது.

வேறு டாங்கிக்கு அலைந்தோம். லீக்ஸ் போடுகிறவர், உருளைக்கிழங்கு போடுகிறவர் என்று நாலு வீட்டில் கேட்டோம். எல்லா டாங்கியும் அழுகல் நோய்க்கு மருந்து குடித்த டாங்கிதான். இந்த மலையில் பூஞ்சண மருந்து படாத டாங்கி கிடைக்காது என்று அப்போதுதான் புரிந்தது. வீட்டுக்குத் திரும்பியபோது கண்ணில் பட்டது, நான் கறிவேப்பிலைக்கும் ரோசாவுக்கும் தண்ணீர் ஊற்றுகிற பூவாளி. தண்ணீரைத் தவிர வேறொன்றும் அறியாதது.

பூவாளியால் ஊற்றலாமா என்று கேட்டதற்குப் போதனாசிரியை சற்று யோசித்தார். சின்ன வயல்தானே, அடித்தண்டு நனைந்தால் போதும் என்று இரண்டாவது பொட்டலம் தந்தார். இரண்டு சாயங்காலம், நான் பயிரை விலக்கிப் பிடிக்க, இவர் குனிந்து தூருக்குத் தூர் ஊற்றினார். மேட்டில் மாடு கட்ட வந்தவர்கள், "நெல்லுக்கு அபிஷேகமா நடக்குது?" என்று கேலி பண்ணினார்கள். ஆமாங்க, ஆமாங்க என்று இவரும் விடாமல் ஊற்றினார்.

அந்த நாட்களில் அப்புத்தளைப் பக்கமிருந்து பனிமூட்டம் இறங்கி வயல்மேல் உட்கார்ந்தே கிடந்தது. துணி காயவில்லை என்று முறுமுறுக்கிற நான் அந்த ஈரத்துக்கு நன்றி சொன்னேன். பங்கசுக்கு அதுதான் வேண்டுமாம்.

கெடு முடிகிற நாள் காலையில் பெரியவர் தடியூன்றி வந்தார். என் வீட்டுக்காரர் அதற்கு முன்பே வயலுக்குள் மண்டியிட்டிருந்தார். தண்டுகளில் பூச்சிகள் ஒட்டியபடியே செத்திருந்தன. சிலதின்மேல் வெள்ளைப் பஞ்சு படர்ந்திருந்தது, சிலது பச்சையாய் மாறியிருந்தது. உயிரோடு இருந்தவை கொஞ்சம்தான். இவர் ஒரு தண்டை ஒடித்து நீட்டினார். பெரியவர் கண்ணாடியைத் துடைத்து, வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காய்ந்த வட்டம் இரண்டுக்கு மேல் போகவில்லை என்பதையும் பார்த்தார்.

"ஹரி, துவ," என்றார். சரி என்று அர்த்தம். "அடுத்த போகமும் நீங்களே செய்றது."

விஷ டப்பாவைத் திறக்காமலே கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தார். வரப்பில் நின்றபடியே ஸ்தோத்திரம் சொன்னேன். இவரும் இந்தத் தடவை ஆமென் சொன்னார். பிறகு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு, மழைக்கு இடிந்த மேல் வரப்பைக் கட்டப் போனார்.