ஜாலான் புசாருக்குத் தென்னை மட்டை சுமந்த காலை

பச்சைத் தென்னை மட்டையைத் தோளில் சுமந்திருக்கிறீர்களா? சாறு வழிந்து ஜாக்கெட்டில் கறை பிடிக்கும்... எத்தனை சோப்பு போட்டாலும் போகாது. அந்தக் கறையோடுதான் ஒரு காலையில் சிராங்கூன் ரோட்டிலிருந்து ஜாலான் புசார் வரை நடந்தேன்.

அறுபதுகளின் நடுவில் நடந்த கதை இது. எனக்கு இருபத்தைந்து வயசு.

நானும் எங்கள் வீட்டுக்காரரும் மரம் வெட்டும் கான்ட்ராக்ட் எடுத்துச் செய்துகொண்டிருந்தோம். அவர் மேலே ஏறுவார். கீழே கிளைகளைக் கட்டி, ஆட்களை மேய்ப்பது நான். பாசிர் பாஞ்சாங்கில் ஒரு வரிசை பங்களாக்கள் கிடைத்த நேரம் பார்த்து அவர் விழுந்து காலை ஒடித்துக்கொண்டார்.

வெட்டிய கிளையும் மட்டையும் வேலியோரம் மலையாகக் கிடந்தது. பூரான் வருகிறது என்று பங்களா மேனேஜர் கத்தினார். வெள்ளிக்கிழமைக்குள் இடம் சுத்தமாகாவிட்டால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும் என்று சொல்லிவிட்டார். எங்களிடம் இருந்த பெரிய வேலை அது ஒன்றுதான்.

கிளைகளை அரைத்துத் தூளாக்கும் மெஷின் இரண்டு, வெள்ளைக்காரர்களின் கேம்ப்பிலிருந்து ஜாலான் புசார் பழைய சாமான் கடைக்கு வந்திருப்பதாகக் கேள்விப்பட்டோம். என் கொழுந்தன் கோவிந்து துணைக்கு வந்தான். துணைக்கா? "அண்ணி, நீங்க பேசாம நில்லுங்க. மெஷின் விஷயம் நான் பாத்துக்கறேன்" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தான். ஈரச் சாக்கில் சுற்றிய இரண்டு மட்டைகள் என் தோளில்... அவன் பத்தடி தள்ளியே நடந்தான். மானம் போகிறதாம்!

கடையில் ஒன்று பச்சைப் பெயின்ட் மின்ன நின்றது. இன்னொன்று துருப் பிடித்து மூலையில். தவுக்கே, கடை முதலாளியை அப்படித்தான் கூப்பிடுவோம், பச்சையைத்தான் காட்டினார். ஒரே இழுப்பில் ஸ்டார்ட் ஆனது. காய்ந்த பலகையைப் போட்டார்; நொடியில் தூள். கோவிந்து என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"எடுத்துரலாம் அண்ணி. முதல் தரம் லா!"

நான் அவர் ஸ்டார்ட் செய்வதற்கு முன்னாலேயே இன்ஜின் மேல் புறங்கையை வைத்துப் பார்த்திருந்தேன். கடை திறந்து பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, அதற்குள் சுட்டது. அதற்கு முந்தின வருஷம் இப்படித்தான் ஒரு பழைய மரம் அறுக்கும் மெஷின் வாங்கி ஏமாந்தோம். நாங்கள் போவதற்குள் ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தார்கள். மறுநாள் காலையில் இழுத்து இழுத்துக் கை வீங்கியதுதான் மிச்சம்.

"என் மட்டையைப் போடுங்க தவுக்கே" என்றேன், எனக்குத் தெரிந்த மலாயில்.

"தென்னை மட்டையா? யாராவது அதைப் போடுவாங்களா?"

"நான் போடுவேன். என் வேலையில பாதி அதுதான்."

போட்டார். நார் உள்ளே சுற்றிக்கொண்டு, இன்ஜின் முக்கி முனகி நின்றே போனது. நின்ற பிறகு கத்தி சுழலும் தண்டைப் பிடித்து ஆட்டினேன். ஆடும் பல் மாதிரி ஆடியது.

"அந்தத் துருவை ஓட்டுங்க."

கடைப் பையன்கள் சிரித்தார்கள். கோவிந்து வெளியே போய் ரோட்டைப் பார்த்து நின்றுவிட்டான். இன்ஜின் பச்சைத் தண்ணீராய்க் குளிர்ந்து கிடந்தது. முதல் இழுப்பு... இரண்டாவது... மூன்றாவது. பயந்துவிட்டேன், பொய் சொல்லவில்லை. நாலாவதில் பிடித்துக்கொண்டது. மட்டையைக் கொடுத்தேன். முழுசாக விழுங்கி, ஈரத் தூளை என் தலையிலும் சேலையிலும் வாரி இறைத்தது. நிறுத்திக் கத்தியைக் கழற்றச் சொன்னேன். முனை மழுங்கியிருந்தது, ஆனால் தண்டு அசையவில்லை. கத்தியைத் தீட்டிக்கொள்ளலாம், ஆடுகிற தண்டை என்ன செய்வது?

"இதான்" என்றேன். தலையில் தூளோடேயே வீட்டுக்கு நடந்தேன். தட்டிவிடவில்லை. பார்க்கட்டும்.

வெள்ளிக்கிழமை மேனேஜர் வந்தபோது வேலியோரத்தில் வெறும் தரை. சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "உன் ஹஸ்பண்ட் எங்கே? கான்ட்ராக்டரிடம் பேச வேண்டும்" என்றார்.

"நான்தான் கான்ட்ராக்டர்" என்றேன். கூட வந்த என் ஆட்கள்கூட எனக்காக வாய் திறக்கவில்லை. அது இன்றைக்கும் எனக்கு வலிக்கும்.

போன வாரம் கிளமெண்டியில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே மரக்கிளைகளைக் கழித்தார்கள். இப்போதைய மெஷின் எல்லாம் லாரி சைஸ், பட்டனைத் தொட்டால் ஓடுகிறது... கயிறு கட்டி, ஹெல்மெட் போட்டு, எல்லாம் ஒழுங்கு. நடத்துவது ஒரு சின்னப் பெண், நம்ம தமிழ்ப் பெண். "ஆன்ட்டி, கயித்துக்கு வெளிய நில்லுங்க ப்ளீஸ்" என்றாள். நின்றேன்.

சத்தம் தாங்காமல் ஒரு பெரியவர் இறங்கி வந்தார். அவளைத் தாண்டி, கிளை இழுத்துக்கொண்டிருந்த ஆண்களைப் பார்த்து, "இங்க யாரு பாஸ்?" என்றார்.

அவள் வாய் திறப்பதற்குள் நான் கத்திவிட்டேன், கயிற்றுக்கு வெளியே நின்றுகொண்டே.

"கண்ணு முன்னாடிதான நிக்கிறா!"